எட்டுப் பேர் நடனத்துக்கு ஒரு பெயர்

நடனத்தை உண்டாக்க எனக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது. அதற்குப் பெயர் வைக்கத்தான் ஏழு வாரம் இழுத்தது. பேர்தானே, ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போயேன் என்று லேசாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். அவர்கள் ஊரில் அவர்கள் வீடு நல்ல தெருவில் இருந்திருக்கும்.

ஷார்ஜாவில் ஓர் என்ஜினீயரிங் ஆபீசில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பொம்பளைதான், ஆனால் விசாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது. சாலைச் சந்திப்பு, ரவுண்டானா, மழைநீர் வடிகால் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. வீடு ரோலாவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். கணவருக்கு புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளில் டியூட்டி. வெள்ளிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார்.

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. யாராவது காரணமில்லாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், எதற்கு என்று தெரிகிறவரை அந்த டீ எனக்கு இறங்காது. அப்படிப்பட்டவளிடம் போய் எங்கள் பெரிய என்ஜினீயர், ஸ்காட்லாந்துக்காரர், ஒரு நாள் மேசை பக்கத்தில் வந்து நின்று, சனிக்கிழமை மாலை வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அவர் மனைவி நடத்தும் ஸ்காட்லாந்து நாட்டுப்புற நடன வகுப்பில் எட்டாவது ஆள் ஊருக்குப் போய்விட்டாராம். எட்டுப் பேர் இல்லாமல் ஆட முடியாதாம். எனக்குக் கோடு, கணக்கு எல்லாம் நன்றாக வரும், சீக்கிரம் பிடித்துக்கொள்வேன் என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்ப் புஜைராவுக்கு போன் போட்டேன்.

"சும்மாவா கூப்பிடுவான்? ஆபீசுல ஆளக் குறைக்கப் போறானோ என்னமோ" என்றார் என் கணவர். "போயி என்ன ஏதுன்னு பாத்துட்டு வா. அங்க ஆம்பளையெல்லாம் பாவாட கட்டிட்டுல்லா ஆடுவான். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அறையில் நடந்தது. என்ஜினீயரின் மனைவியை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆனால் குதிகால் தரையில் படாமல் நடப்பார். நான்கு ஜோடி, இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். ஆம்பளைகள் எப்போதும் குறைவு. அதனால் பெண்களே ஒரு நாடாவைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். இன்னொரு விஷயம், அங்கே எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்தாக வேண்டும். யார் கையையும் விட்டுவிட்டு ஆட முடியாது.

பாட்டு தொடங்கியது. டீச்சர் கையைத் தட்டி, "ஃபர்ஸ்ட் கப்பிள், காஸ்ட்" என்றார்.

அட பாவி, கடல் தாண்டி வந்து ஒரு வெள்ளைக்காரி வாயிலும் இந்த ஜாதிக் கேள்வியைக் கேட்க வேண்டுமா, அதுவும் முதல் ஜோடியில் தொடங்கி வரிசையாகக் கேட்பாளா என்று நின்றேன். முதல் ஜோடி பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் வெளியே திரும்பி, வரிசைக்குப் பின்னால் போய்க் கீழே இறங்கினார்கள். காஸ்ட் என்றால் அவ்வளவுதானாம், திரும்பி வெளிப்புறமாக இறங்குவது. எனக்கு எதிரே இன்னொரு தமிழ் முகம் நின்றிருந்தது. நாற்பது வயதுப் பெண், மூக்குக்கண்ணாடி. அந்தச் சொல்லுக்கு அவரும் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் குனிந்து அவரவர் ஷூவைப் பார்த்துக்கொண்டோம்.

இடைவேளையில் அவரே வந்தார். ரோலாவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. ஃபிளாஸ்க்கிலிருந்து எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"திருநெல்வேலி."

"டவுனா?"

"பக்கத்துல."

"பக்கத்துலன்னா? எங்க மாமா ஒருத்தர் அங்க வேல பாத்தாருங்க. ஊர் பேரச் சொன்னா தெரியும்."

"சின்ன ஊருதான்க்கா. பஸ்ஸே நிக்காது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்தக் கேள்விகள் எந்த வரிசையில் வரும் என்று எனக்குத் தெரியும். ஊர், பிறகு தெரு, பிறகு குலசாமி, பிறகு வீட்டில் யார் யாருக்கு எங்கே சம்பந்தம் செய்திருக்கிறது. நேராகக் கேட்டால் அநாகரிகம் என்று இப்படிச் சுற்றி வளைத்து வருவார்கள். நானும் பிடி கொடுக்காமல் மழுப்பக் கற்றிருந்தேன். நான் பதிலுக்கு யாரையும் ஊர் கேட்பதில்லை. கேட்டால் அவர்களுக்கும் கேட்க உரிமை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எனக்கு இந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை. ரோலாவுக்கு வந்த புதிதில் எங்கள் ஜில்லாக் குடும்பம் ஒன்றோடு ஃபிளாட்டைப் பகிர்ந்துகொண்டோம். ஒரே அடுப்பு, ஒரே ஃபிரிட்ஜ். அந்தப் பெண்ணும் நானும் எட்டு மாதம் ஒரே தட்டில் முறுக்கு தின்றவர்கள். என் தம்பி கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. சந்தோஷத்தில் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதில் எங்கள் விலாசம் இருந்தது, கீழக் காலனி என்று. பட்டணத்தில் காலனி என்றால் பார்க்கும் பால் பூத்தும் இருக்கிற இடம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காலனி என்றால் ஒரே அர்த்தம்தான், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் டம்ளர்கள் எல்லாம் வேறு அலமாரித் தட்டுக்கு மாறியிருந்தன. ஒரு மாதத்தில், மாமியார் வருகிறார் என்று சொல்லி வீட்டையே மாற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அதனால் பார்மசி அக்காவை நான் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு கேள்வி வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்களா, உங்க கோயில்ல கெடா வெட்டா, உங்க வீட்டுக்காரரும் அதே ஊரா. ஜூஸ் ஊற்றிக் கொடுக்கும்போது நான் எந்தக் கப்பை எடுக்கிறேன் என்று பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். அவர் முதலில் குடித்த பிறகுதான் நான் குடிப்பேன். இத்தனைக்கும் அவரோடு ஆடுவது எனக்குப் பிடிக்கும். கையைத் தளரப் பிடிக்காமல் நன்றாகப் பிடிப்பார். கணக்கு தப்பினால் கண்ணாலேயே சொல்லிக் கொடுப்பார். வாரம் முழுவதையும் ஓட்ட எனக்கு அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வேண்டியிருந்தது. அங்கே யாரும் விசாரிக்காமல் என் கையைப் பிடித்தார்கள். ஒருத்திக்குத் தெரிந்து அந்தக் கை தயங்க ஆரம்பித்தால், நான் அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்க மாட்டேன். இதுதான் என் பயம்.

மூன்றாம் வருடம் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். ஆண்டு முடிவில் எல்லாக் குழுக்களும் கூடி ஆடும் நாளுக்கு நம் குழுவிலிருந்து ஒரு புது நடனம் போக வேண்டும், யாராவது உண்டாக்கிப் பாருங்கள் என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், கோடு போடத் தெரிந்தவள் நான்தானே.

இந்த நடனங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேலே நிற்கிற ஜோடி ஆடி முடித்ததும் கீழே போயாக வேண்டும். கீழே நின்றவர்கள் ஒவ்வொரு படியாக மேலே வந்தாக வேண்டும். அதற்காக யாரும் அங்கே சண்டை போடுவதில்லை, நீதிமன்றத்துக்கும் போவதில்லை. அதை வைத்துக்கொண்டே வரைந்தேன். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு அசைவு, அப்படி நான்கு அசைவு. இரண்டு வரிசையும் உடைந்து நடுவில் ஒரு வட்டமாகி, மேல் ஜோடி வட்டத்துக்குள் புகுந்து சுற்றிக் கீழே வெளியேற வேண்டும். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், ரவுண்டானா வரையும் அதே கம்ப்யூட்டரில் வரைந்தேன்.

தரையில் ஆடிப் பார்த்த அன்று வட்டம் தொடங்கிய மூன்றாவது எண்ணிக்கையில் நானும் பார்மசி அக்காவும் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டோம். அவர் கண்ணாடி பறந்துபோய்ப் பியானோவுக்கு அடியில் விழுந்தது. வேண்டுமென்றே இடித்தாரோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது, இடிக்கிறவள் தன் கண்ணாடியையா உடைத்துக்கொள்வாள் என்று பிறகுதான் உறைத்தது. டீச்சர் என் படத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த நடனங்களில் வட்டம் முதலில் இடது பக்கம்தான் சுற்றும். படத்தில் நான் வலது பக்கம் சுற்றவிட்டிருந்தேன், அக்கா பழக்கத்தில் இடது பக்கமே வந்துவிட்டார். எட்டு வருடமாக ஷார்ஜா ரவுண்டானாக்களை வரைந்த கை. நம் ஊரிலும் ஸ்காட்லாந்திலும் வண்டி ஓடுவது இடது பக்கம், ரவுண்டானா சுற்றுவதும் இங்கே சுற்றுவதற்கு நேர் எதிர். நான் எந்த ஊர்ப் பழக்கத்திலும் சேராமல் வளைகுடா வட்டத்தை வரைந்து வைத்திருக்கிறேன்.

"மாற்றாதே, இதுதான் புதுசு" என்றார் டீச்சர். "இனி பெயர் மட்டும்தான் பாக்கி."

இங்கேதான் வினை பிடித்தது. நான் ரோலா ரவுண்டானா என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். எல்லாரும் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கிற இடத்தின் பெயரை வைத்து எப்படி ஆடுவது என்றார். அவர்கள் வழக்கம் என்னவென்றால், நடனத்தை உண்டாக்கியவர் தன் ஊரின், தன் தெருவின், தன் வீட்டுப் பின்னாலுள்ள ஓடையின் பெயரை வைப்பார். டீச்சரே, தான் பிறந்த சந்தின் பெயரை ஒரு நடனத்துக்கு வைத்திருக்கிறாராம். "நீ நடக்கப் பழகிய தெரு எது? அதைச் சொல்" என்றார்.

நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் எனக்கு மூக்கு வேர்த்தது. இரண்டு வருடமாக ஒரு கேள்விகூடக் கேட்காத டீச்சருக்குத் திடீரென்று என் தெரு எதற்கு? அதற்கு முந்தின வாரம்தான் பார்மசி அக்காவும் டீச்சரும் ஜன்னல் ஓரம் நின்று என்னைப் பார்த்து ஏதோ பேசியதைக் கவனித்திருந்தேன். சரிதான், தன் வாயால் கேட்டுக் கிடைக்காததை அந்தம்மா வாயால் கேட்க வைக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

வாரா வாரம் ஒரு பெயர் கொண்டு போனேன். பாலைவனம், பேரீச்சை, கப்பல் என்று எதை எதையோ. டீச்சர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், "இது நீ இல்லையே" என்பார். ஐந்தாவது வாரம் இடைவேளையில் பார்மசி அக்கா தமிழில் சொன்னார், "சொல்லிடுங்களேங்க. தெருப் பேருதானே."

"ஒங்களுக்கு எதுக்கு?" என்றேன். குரல் என்னை மீறிப் போய்விட்டது. "ரெண்டு வருசமா நூல் விட்டுப் பாக்கீங்க. எந்த ஊரு, எந்தக் கோயிலு, எந்தத் தெரு. தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? வீட்டுக்குப் பொண்ணு கேட்டா வரப் போறீங்க?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் சண்டை எல்லாருக்கும் புரியும். அந்த அக்கா முகம் வெளுத்துப் போனது. ஃபிளாஸ்க்கை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பாதியிலேயே போய்விட்டார். அடுத்த வாரமும் வரவில்லை.

"முடிஞ்சி போச்சி. கண்டுபிடிச்சிட்டா, அதான் வரல" என்று நான் வீட்டில் புலம்பினேன்.

"கண்டுபிடிச்சா பிடிச்சிட்டுப் போறா. நீ எதுக்குட்டி இப்பிடிக் கெடந்து சாவுத?" என்றார் என் கணவர். "ரோலான்னே வையி. இல்ல, ஒண்ணும் வைக்காண்டாம், விட்டுரு."

ஒன்றும் வைக்காமல் விட முடியாது. எங்கள் தொழிலில் படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். படத்தின் பெயர் அதில் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் சைட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஏழாவது வாரம் திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் செய்த நடனம். பாலைவனத்துக்கும் பேரீச்சைக்கும் எதற்கு நான் அதைத் தாரை வார்க்க வேண்டும்? எப்படியும் அந்த அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, போகிற பேர் போய்விட்டது. கீழக் காலனி என்று அடித்தேன். தமிழ் எழுத்திலும் அடித்தேன், ஆங்கில எழுத்திலும் அடித்தேன். அச்செடுத்து என்ஜினீயர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். கையில் என் தாள். அவர் கழுத்து வரை சிவந்திருந்தது. "காலனி என்று போட்டிருக்கிறாயே. எங்களை மாதிரி ஆட்கள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆடினால் நன்றாக இருக்குமா? உங்கள் நாட்டை நாங்கள் செய்ததெல்லாம்..." என்று இழுத்தார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பயந்தது வேறு காலனிக்கு என்று புரிந்ததும், ஏழு வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"அது இல்லை டீச்சர். அரசாங்கம் எங்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள். இரண்டு வரிசை, எதிரும் புதிரும்."

"நம் வரிசை மாதிரியா?"

"ஆமாம்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாளைக் கதவுக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டினார்.

அப்போதுதான் பார்மசி அக்கா உள்ளே வந்தார். இரண்டு வாரம் கழித்து வருகிறார், ஒட்டுப் போட்ட பழைய கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி. யாரிடமும் பேசாமல் ஷூ மாற்றினார். பிறகு அந்தத் தாளிடம் போய் நின்றார். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அவர் முதுகையே பார்த்தேன். ஒரு பெயரைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி நேராக என்னிடம் வந்தார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் தயங்குவதை நான் பார்க்க வேண்டாம் என்றுதான்.

"கீழக் காலனிங்களா?" என்றார் மெதுவாக.

"ஆமா. இப்ப தெரிஞ்சிட்டுல்லா? திருப்திதானா?"

அவர் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். குரலை இன்னும் தாழ்த்தினார்.

"எங்களுது வடக்குக் காலனி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் வரிசை கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கறதே அதுக்குத்தாங்க. நம்மள ஒருத்தர் கேக்கறதுக்குள்ள நாம முந்திக்கிட்டுக் கேட்டுடணும். கேக்கறவ மேல யாருக்கும் சந்தேகம் வராது. பதிலுக்குக் கேட்டா சொல்றதுக்கு ஒரு தெருப் பேருகூட வச்சிருக்கேன், நான் படிச்ச ஸ்கூல் இருந்த தெரு. நீங்க ரெண்டு வருசத்துல அதக்கூடக் கேக்கல. நான் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்க மாட்டேங்கறீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கி நீங்க கத்தினதும், சரி, இன்னிக்கி எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறாங்கன்னுதான் ஓடிட்டேன்."

ஒன்றும் கேட்காமல் இருப்பதை இவ்வளவு நாளும் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு மனுஷியைச் சனிக்கிழமைதோறும் நடுங்க வைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது.